கமலாட்சி சொல்லாத பெயர்

சபாபதிக்கு முழங்கால் போய்விட்டது. அதிக தூரம் நடக்க முடியாது, ஆனால் சைக்கிள் மிதிப்பான். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதனால் தினமும் காலையில் அவன் சைக்கிளிலும் நான் நடந்துமாக ஒன்றாகப் போவோம். நடக்கிறவனுக்கு ஈடாகச் சைக்கிளை மெதுவாக ஓட்டுவது லேசான வேலை இல்லை. முன்சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடும். சில சமயம் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று, நான் நாலு அடி முன்னே போனதும் மறுபடி மிதித்து வருவான்.

"உன்கூட வர்றது இன்ஜின் போன படகுல வர்ற மாதிரி இருக்கு, நேசா," என்பான். "சத்தமும் இல்லை, வேகமும் இல்லை."

எனக்குப் பேசாமல் இருப்பது பிடிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவன் பேசுவான், நான் கேட்பேன். அறுபது வயதுக்கு மேல் ஆன இரண்டு பேருக்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

நாங்கள் போகும் பாதை முன்பு ரயில்பாதையாக இருந்தது. க்யிம்யிண்டைங் ஆற்றங்கரையில் இருக்கும் படகுத்துறைக்கு அரிசி மூட்டை ஏற்றிய பெட்டிகள் அதில் போய்வரும். பெட்டிகள் நின்று போய்ப் பல வருஷங்கள் தண்டவாளம் புல்லுக்குள் கிடந்தது. பிறகு அதைப் பெயர்த்து எடுத்துவிட்டு, சிமெண்டுக் கல் பாவி, மஞ்சள் கோடு போட்டு ஒரு பக்கம் நடக்கவும் ஒரு பக்கம் சைக்கிளுக்குமாக ஆக்கினார்கள். இரண்டு பக்கமும் மருதாணிச் செடி வைத்தார்கள். காலையில் நிறையப் பேர் வருகிறார்கள். இளசுகள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். மின்சாரம் இல்லாத நாட்களில் கூட்டம் இன்னும் அதிகம், வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் வந்துவிடுகிறார்கள்.

தண்டவாளம் இருந்த காலத்தில் அதை ஒட்டி இருபத்தாறு வீடுகள் இருந்தன. தகரக் கூரை, மூங்கில் தட்டி. பெரும்பாலும் ரயில்வேயில் கூலி வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். சபாபதியின் அப்பா இந்தத் தண்டவாளத்தில்தான் கேங்மேனாக இருந்தார். சபாபதி படகுத்துறையில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தான். அந்த வரிசையில் பதினொன்றாவது வீடு அவனுடையது. இப்போது அந்த இடத்தில் உடற்பயிற்சிக்கென்று ஒரு இரும்புச் சாமான் நிற்கிறது. அதன் வட்டத் தட்டின் மேல் ஏறி நின்று இடுப்பை இடம் வலமாகத் திருப்ப வேண்டும். சபாபதி தினமும் அங்கே இறங்கி, ஸ்டாண்டு போட்டு, ஏறி நின்று திருப்புவான்.

"சரியா எங்க அடுப்படியில நிக்கறேன்," என்பான். "இப்பத் திரும்பினா அஞ்சறைப் பெட்டி. இந்தப் பக்கம் திரும்பினா தண்ணிப் பானை."

பக்கத்தில் நிற்கும் பர்மாக்காரப் பெண்களுக்கு அவன் எதற்காகச் சிரிக்கிறான் என்று தெரியாது. நானும் சிரிப்பேன். பாதை போட்ட நாளிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், பாதை போடுவதற்காக வீடுகளை எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. எடுக்கும் வீட்டுக்குப் பதிலாக ஊருக்கு வெளியே மாவ்பியில் மனை கொடுப்பதாகச் சொன்னார்கள். அதற்கு வீடு வீடாக வந்து பெயர் எழுதினார்கள். எழுத வந்த அன்று சபாபதி படகுத்துறையில் இருந்தான். நான் அவன் வீட்டு வாசலில் இருந்தேன். பழைய சிலீப்பர் கட்டைகளைச் சேர்த்து அவன் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து படிப்பது எனக்கு வழக்கம். லான்மடாவில் நான் குடியிருந்த தெருவில் எப்போதும் சத்தம். லீவு நாளென்றால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவேன். சபாபதியின் மனைவி கமலாட்சி ஒன்றும் கேட்காமல் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

எழுத வந்தவர் அவசரத்தில் இருந்தார். பர்மிய மொழியில், "வீட்டுத் தலைவர் பெயர்?" என்று கேட்டார்.

கமலாட்சி பதில் சொல்லவில்லை. சிரித்தபடி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் புருஷன் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. 'அவரு' என்பாள், 'சத்யபாமா அப்பா' என்பாள். கோயிலில் அர்ச்சனைக்குக்கூட மகள்தான் பெயரைச் சொல்ல வேண்டும். அவள் அம்மாவும் அப்படித்தான் இருந்தாளாம்.

"இருங்க, பேப்பர் கொண்டாறேன்," என்று உள்ளே போனாள். பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த குடும்பப் பட்டியலை எடுக்கத்தான் போனாள்.

எழுத வந்தவர் பேனாவால் அட்டையைத் தட்டினார். எனக்குப் படித்துக்கொண்டிருந்த பக்கம் போய்விடக் கூடாது என்றிருந்தது. தலையை நிமிர்த்தாமலே, பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு ஒரு 'ஊ' சேர்த்து, "ஊ சபாபதி," என்றேன்.

"அப்பா பெயர்?"

"ஊ முத்துக்கருப்பன்."

எழுதிக்கொண்டார். கமலாட்சி பையைப் பிரித்தபடி வெளியே வந்தபோது அவர் அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டிருந்தார். "எழுதிட்டாங்க, நீ போ," என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு இரண்டு பெயர் உண்டு. வீட்டில் ஒன்று, காகிதத்தில் ஒன்று. எனக்கும் இருக்கிறது. தேவநேசன் என்று மாதா கோவில் புத்தகத்தில் இருக்கும், ஊ டின் லே என்று அடையாள அட்டையில் இருக்கும். சபாபதியின் பர்மியப் பெயர் ஊ தெய்ன் மாவ்ங். அவன் அப்பாவுக்கும் ரயில்வே காகிதத்தில் ஊ போ சான் என்று பெயர். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? அன்று என்னிடம் கேட்டது வேறு யாரோ ஒருவருடைய பெயராக இருந்திருந்தால், காகிதத்தைப் பார்க்காமல் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இருபத்தைந்து வருஷம் ஒரு கப்பல் ஏஜண்டு ஆபீசில் படிவம் நிரப்பியவன் நான். ஆனால் கேட்டது சபாபதியின் பெயரை. நாலாம் வகுப்பிலிருந்து நான் கூப்பிடும் பெயர்தான் நாக்கில் வந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். குடும்பப் பட்டியலோடு ஒத்துப் பார்த்ததில் சபாபதி என்று ஒரு ஆளே இல்லை. தெய்ன் மாவ்ங் என்ற ஆள் இருந்தார், ஆனால் அவர் கணக்கெடுப்பில் இல்லை, அதனால் மனையும் இல்லை. சபாபதி எத்தனையோ மனு கொடுத்துப் பார்த்தான். எல்லா மனுவையும் நான்தான் எழுதினேன். நல்ல பர்மிய மொழியில், நல்ல கையெழுத்தில். ஒன்றும் நடக்கவில்லை.

பட்டியல் ஒட்டிய அன்று சாயங்காலம் அவன் வேலையிலிருந்து நேரே வந்தான். நான் பெஞ்சில் இருந்தேன். கமலாட்சி கதவருகில் நின்றாள்.

"யாரு சொன்னது இந்தப் பேரை?"

"நான் சொல்லலை," என்றாள் அவள்.

"நீ சொல்லாம? வானத்துலேர்ந்து வந்து எழுதிட்டுப் போனானா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். மடியில் புத்தகம் விரிந்து கிடந்தது. அதைப் பார்த்தேன். ஒரு வரியும் கண்ணில் படவில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் யாரோ மசாலா அரைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றபோது கமலாட்சி, "வாய் தவறி வந்துருச்சு," என்றாள்.

சபாபதி திட்டவில்லை. அவன் திட்டுகிறவன் அல்ல. உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். கொஞ்ச நாள் கழித்து அதை வேடிக்கைப் பேச்சாக ஆக்கினான். டீக்கடையில், கோயில் திருவிழாவில், கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாம் சொல்லுவான்.

"முப்பது வருஷம் எம் பேரைச் சொல்லாதவ ஒரே ஒரு தடவை சொன்னா. வீடு போச்சு. ரெண்டாந்தடவை சொன்னா நானே போயிருவேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். கமலாட்சி பரிமாறிக்கொண்டிருந்தால் கையை நிறுத்தாமல் பரிமாறுவாள். ஒவ்வொரு முறையும் நான் அங்கே இருந்தேன். இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சொல்வதைவிட ஒரு வருஷம் கழித்துச் சொல்வது கஷ்டமாக இருந்தது. மூன்று வருஷம் ஆனதும் சொல்ல வேண்டியது ஒன்று இரண்டாகிவிட்டது. பெயரைச் சொன்னது நான் என்பதை மட்டும் அல்ல, மூன்று வருஷம் பேசாமல் இருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வருஷம் மழை முடிந்த பிறகு ஒரு வியாழக்கிழமை, பாதையில் போகும்போது சபாபதி சொன்னான்: "ஞாயித்துக்கெழம மாவ்பிக்குப் போறோம். பாப்பா வீட்டுக்கு."

பாப்பா என்பது அவன் மகள் சத்யபாமா. அதே வரிசையில் நாலாவது வீட்டுப் பையனைக் கட்டியிருந்தாள். அவர்களுக்கு மாவ்பியில் மனை கிடைத்திருந்தது.

"பாக்கவா?"

"இல்லை, இருக்க. இங்க வாடகை ஏறிக்கிட்டே போவுது. எனக்கும் வேலை இல்லை. அவங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு சாய்ப்பு இறக்கிக்கலாம்னு மாப்பிள்ளை சொல்றாரு."

நான் நடந்துகொண்டே இருந்தேன். அவன் காலை ஊன்றி நின்று, பிறகு மிதித்து வந்து சேர்ந்தான்.

"ஒண்ணுதான் உறுத்துது. அந்தத் தெரு முழுக்க நம்ம வரிசை ஆளுங்கதான். ஆளுக்கொரு மனை. நாங்க மட்டும் சம்பந்தி வீட்டுக் கொல்லையில. புதுசா வர்றவன் எவனாவது ஏன்னு கேப்பான். என்ன சொல்றது? இவ வாயைத்தான் சொல்லணும்." சிரித்தான். "பேரப்பிள்ளைங்களுக்கும் அந்தக் கதையைச் சொல்லிற வேண்டியதுதான். பாட்டி ஒரு தடவை பேசினா, தாத்தாவுக்கு வீடு போச்சுன்னு."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இங்கே அவள் நாலு பேர் நடுவில் அதைக் கேட்டுக்கொண்டாள். அங்கே மகளின் மாமியார் முன்னால், தினமும், சாகும் வரைக்கும் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. பாதை முடியும் இடத்தில் மீன்சாறு ஊற்றிய மொய்ங்கா சாப்பிட்டோம். அவன் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது ஆரம்பிக்க நினைத்தேன். கடைக்காரி இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை அவன் இடுப்பு திருப்பும் தட்டில் ஏறி நின்றிருந்தான்.

"சபா. அன்னைக்குப் பேரைச் சொன்னது கமலா இல்லை."

"என்ன?"

"நான்தான் சொன்னேன். அவ பேப்பர் எடுக்க உள்ள போயிருந்தா. எழுத வந்தவர் கேட்டாரு. நான் படிச்சுக்கிட்டிருந்தேன். சபாபதின்னு சொல்லிட்டேன். உங்க அப்பா பேரையும்."

தட்டு அவனோடு கொஞ்சம் திரும்பி நின்றது. எனக்குப் பக்கவாட்டில் அவன் முகம். பின்னால் ஒரு பெண் தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

"நீயா?"

"நான்தான்."

"அவ வாய் தவறி வந்துருச்சுன்னாளே."

"நான் சொல்லலை. அதனால அவ சொன்னா."

அவன் கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினான். அந்தப் பெண் ஏறிக்கொண்டாள். சைக்கிள் பூட்டைத் திறக்கச் சாவியை எடுத்தான். நான் கை நீட்டினேன். தட்டிவிட்டான்.

"அத்தனை மனு எழுதினியேடா," என்றான். "ஒவ்வொண்ணையும் எங்கிட்டப் படிச்சு வேற காட்டினே."

அவன் ஏறி, வந்த வழியே திரும்பி மிதித்தான். என் வேகத்துக்காக அவன் இத்தனை நாள் எவ்வளவு மெதுவாக ஓட்டியிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. சிறிது நேரத்தில் காலை நடைக் கூட்டத்தில் மறைந்துவிட்டான். நான் பின்னாலேயே நடந்தேன். முடிந்தவரை வேகமாக.

அவர்கள் வாடகைக்கு இருந்தது மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாம் மாடி. படியேறி நான் போனபோது கதவு திறந்திருந்தது. பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு கமலாட்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். சபாபதி ஜன்னலோரம் நின்றான். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அவன் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், அவன் முதுகைப் பார்த்தாள். கயிற்றைக் கீழே வைத்தாள்.

"சொல்லிட்டீங்களாண்ணே?"

தலையசைத்தேன்.

"யாரு உங்களைக் கேட்டா?"

நான் எதிர்பார்த்தது அது அல்ல. என்ன எதிர்பார்த்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் அழுவாள் என்றோ, போகட்டும் விடுங்கள் என்பாள் என்றோ நினைத்திருப்பேன்.

"கமலா, உன் மேல பழி..."

"எட்டு வருசமா எங்க போச்சு இந்த வாய்? ஒரு வருசம் பாத்தேன், அண்ணன் சொல்லுவாருன்னு. ரெண்டு வருசம் பாத்தேன். இவரு ஊரு சிரிக்கச் சொல்லும்போதெல்லாம் உங்களைத்தான் பாத்தேன். நீங்க எல்லாரோடயும் சேந்து சிரிச்சீங்க. அதுக்கப்புறம் இனிமே சொல்லவே கூடாது சாமின்னு வேண்டிக்கிட்டேன். நாளைக்கு நாங்க போறோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? சொமையை இறக்கி வைக்க எங்க வீடுதான் கெடைச்சுதா?"

சபாபதி ஜன்னலிலிருந்து திரும்பினான். "நீ ஏன் சொல்லலை? அன்னைக்கே இவன்தான்னு சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா?" என்றாள். அவனை நேராகப் பார்த்தாள். "இவரோட பேசறதை விட்டிருப்பீங்க. அப்புறம் யாருகிட்டப் பேசுவீங்க? எங்கிட்டயா? எம் மேல கோவம்னா ரெண்டு வாயி சோறு தின்னா எறங்கிரும் உங்களுக்கு. கூட்டாளி மேல கோவம்னா உங்களுக்கு எறங்காது, எனக்குத் தெரியாதா? வீடும் போயி ஆளும் போனா நீங்க படுத்துருவீங்கன்னு நெனச்சேன்." கயிற்றை மறுபடி எடுத்தாள். "எனக்கு வலிக்கலைன்னு நெனச்சுக்காதீங்க. ரெண்டு பேரும்."

சபாபதி ஜன்னலை விட்டு வந்தான். அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். முழங்கால் மடங்காமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, மூட்டையின் மறுபக்கத்தை இழுத்துப் பிடித்தான். அவள் முடிச்சுப் போட்டாள். அடுத்த மூட்டையையும் அப்படியே கட்டினார்கள். நான் கதவுப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நாலாவது மூட்டை கட்டும்போது படியிறங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனார்கள். லாரி எத்தனை மணிக்கு வருகிறதென்று எனக்குத் தெரியும். போகவில்லை. வரவேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

இப்போதும் காலையில் அந்தப் பாதையில் நடக்கிறேன். மொய்ங்காக் கடைக்காரி, "சைக்கிள்காரர் எங்கே?" என்று கேட்டாள். மாவ்பிக்குப் போய்விட்டார் என்றேன். நல்ல காற்றுள்ள ஊர் என்றாள். ஆமாம் என்றேன்.

இருபது நாள் கழித்துத் துணிந்து போன் செய்தேன். கமலாட்சிதான் எடுத்தாள். நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள். குரலில் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. சாய்ப்பு இறக்கிவிட்டார்களாம். கீரை போட்டிருக்கிறாளாம்.

"அங்க யாரும் கேட்டாங்களா? மனையைப் பத்தி?"

"கேக்காம? வந்த மறுநாளே சம்பந்தியம்மாவோட தம்பி கேட்டுட்டாரு."

"சபா என்ன சொன்னான்?"

"எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்கன்னாரு. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. அவங்களும் கேக்கலை."

எழுதினவர்கள் தப்பாக எழுதிவிட்டார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால், அந்தச் சாயங்காலம், அவன் முதலில் கேட்டபோது இந்த அளவுக்கு ஒரு பொய்யைக்கூட நான் சொல்லியிருக்கலாம். அவள் தப்பித்திருப்பாள். அதையும் சொல்லவில்லை.

"இருக்கானா? குடேன்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பேசுவது கேட்டது. வார்த்தை புரியவில்லை. தூரத்தில் ஒரு கோழி கத்தியது. அவன் குரல் கேட்கவில்லை.

"வேணாங்கறாருண்ணே," என்றாள்.

"சரி."

இன்னொரு நாள் கூப்பிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. கூப்பிடட்டுமா என்று நானும் கேட்கவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.